மதியத்துக்கு வந்த ஒன்று

தையல்காரர் இருளப்பனுக்கு மகள் போனில் அடித்துக்கொடுத்த மாத்திரைப் பட்டியலில் காலை, மதியம், இரவு என்று மூன்று தலைப்புகள். தூக்க மாத்திரைக்கான ‘ஒன்று’ இரவுக்குக் கீழே நின்றது. அதை அங்கே தள்ளி நிறுத்த மகள் தட்டிய வெற்றிடங்கள் அதன் முன்னால் வரிசையாக நின்றன.

“சும்மாதானே நிக்கிறீங்க? கொஞ்சம் வழி விடுங்க. மத்த மாத்திரையெல்லாம் அந்தப் பக்கம் இருக்கு, நான் மட்டும் இங்க தனியா கெடக்கேன்” என்றது அந்த ‘ஒன்று’.

பாவம் என்று வெற்றிடங்கள் விலகிக்கொண்டன. ‘ஒன்று’ நகர்ந்து மதியத்துக்குக் கீழே வந்துவிட்டது.

மறுநாள் மதியம் இருளப்பன் பட்டியலைப் பார்த்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தார். கண் சொருகியது. ஊசி விரலில் இறங்கியது.

பட்டியலைப் பார்த்த மகள் வெற்றிடங்களைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாள். ‘ஒன்று’ பழைய இடத்துக்கே போனது.

“தனியா இருக்கா? வேணும்னா நாங்க...” என்று இழுத்தது பக்கத்து வெற்றிடம்.

“வேணாம், நில்லுங்க. மதியம் அவருக்கு வேலை இருக்கு.”