ஒரு செல்லைப் பார்த்த லென்ஸ்

ஒரு நுண்ணோக்கியில் சின்ன லென்ஸும் பெரிய லென்ஸும் அடுத்தடுத்து இருந்தன. ஒரு நாள் ஆராய்ச்சியாளர் ஜெசிந்தா, தான் இரண்டு வாரமாக வளர்த்த செல்களைக் கண்ணாடித் தட்டோடு கொண்டுவந்து, முதலில் சின்ன லென்ஸின் வழியாகப் பார்த்தாள்.

"எண்ணூறு செல் இருக்கிறது. எல்லாவற்றிலும் நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. கொட்டிவிட வேண்டியதுதான்," என்றது சின்ன லென்ஸ்.

ஜெசிந்தாவுக்கும் அப்படித்தான் பட்டது. தட்டை எடுக்கப் போனவள், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று பெரிய லென்ஸைத் திருப்பினாள்.

அதற்கு ஒரே ஒரு செல்தான் தெரிந்தது. புள்ளியாகத் தெரிந்த உட்கருவின் சுவர் அப்போதுதான் கரைந்துகொண்டிருந்தது. உள்ளே சிக்கிக் கிடந்த இழைகள் தடித்து, நடுவில் வரிசையாக வந்து நின்றன. பிறகு ஒவ்வோர் இழையும் இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் நகர்ந்தது. ஒன்றுகூட வழி தவறவில்லை. ஓர் உட்கரு இருந்த இடத்தில் இரண்டு உருவாயின.

ஒரு மணி நேரம் ஜெசிந்தா கண்ணை எடுக்கவில்லை. பிறகு தட்டைப் பத்திரமாக மூடி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"இவ்வளவு நேரத்தில் எத்தனை பார்த்தாய்?" என்று கேட்டது சின்ன லென்ஸ்.

"ஒன்று."

"ஒன்றுதானா?"

"ஆமாம்," என்றது பெரிய லென்ஸ், மெல்லிய குரலில். "அதையும் இன்னும் பார்த்து முடிக்கவில்லை."