ஒவ்வொன்றாக அழித்தவன்

அழிப்பதென்றால் மொத்தமாக அழித்துத் தொலைக்க வேண்டியதுதானே? ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுவிட்டு அழிப்பானேன்?

மாப்பிள்ளை கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

விஷயம் இவ்வளவுதான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த ஐந்து மாதமும் அவர் அறையில் ஒரு கேமரா இருந்தது. சத்தம் கேட்டால் தானே விழித்துக்கொண்டு அரை நிமிஷம் பதிவு செய்யும். கூடத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். இருமினால் ஒன்று. முனகினால் ஒன்று. இரண்டு வார்த்தை பேசினால் ஒன்று.

அப்பா போய்ச் சேர்ந்தபோது மூவாயிரத்து நானூறு சேர்ந்திருந்தது. அதில் பாதி, பக்கத்து நாற்காலியில் தூங்கிய அண்ணனின் குறட்டை. கம்ப்யூட்டர் திறக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. இடமில்லை, இடமில்லை என்று தினமும் ஒரு புலம்பல்.

மூன்று மாதம் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு தங்கை போன் செய்தாள். இன்ன தேதிக்கு வருகிறேன், அப்பா பதிவையெல்லாம் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

மறுநாளே அண்ணன் பத்து நாள் லீவு போட்டான். லிஃப்ட் மெக்கானிக். லேசில் லீவு எடுக்கிற ஆளில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கேட்பான். அழிப்பான். அடுத்தது.

ஊரையே ஏற்றி இறக்குகிறவர் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாரே என்று அண்ணி முதல் நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. வைத்த சாப்பாடு வைத்தபடி ஆறிக் கிடந்தது.

பத்தாம் நாள் தங்கை வந்தாள். கைக்குழந்தையோடும் கணவனோடும். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்.

சாவுக்கு அவள் வரவில்லை. வர முடியவில்லை. ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய கரு. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவே போனில் சொன்னாராம், நான் கல்லு மாதிரி இருக்கேன், நீ வராதே, பெத்துப் பொழைச்சு எழுந்து வா என்று. அப்பாவே சொன்னார், அப்பாவே சொன்னார் என்று அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளைத் தள்ளியிருக்கிறாள்.

வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். குழந்தைக்குத் தாத்தா குரல் தெரிய வேண்டாமா? முழுவதும் வேண்டாம், நல்லதாக ஒன்று கொடு, போதும் என்றாள்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சு" என்றான் அண்ணன்.

விளையாடாதே என்றாள். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். ஃபோல்டர் காலி.

அப்போதுதான் அண்ணி வாய் தவறிப் பத்து நாள் கதையைச் சொன்னாள். மாப்பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, பதிலையும் அவரே சொன்னார். மாமா இந்த வீட்டைப் பற்றிக் கேமரா முன்னால் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று. அதைத் தேடி ஒழிக்கத்தான் பத்து நாள் தவம்.

அண்ணன் மறுத்திருக்கலாம். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

"அப்படியாண்ணா?" என்றாள் சின்னவள்.

"அப்படியே வச்சுக்கோ."

அவள் அழவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"வீட்டை நீயே எடுத்துக்க. அப்பாவை எனக்கு அரை நிமிஷம் குடுத்திருக்கலாம். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு இனிமே யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டேன்."

குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். மாப்பிள்ளை கதவைச் சாத்தவில்லை. அறைந்தார்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. அழித்ததெல்லாம் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில்தான் கிடக்கும், அதைக் காலி செய்யாதவரை எதுவும் போய்விடாது என்பது அவளுக்குத் தெரியும். தொட்டி நிறைந்திருந்தது.

"கூடப் பிறந்தவகிட்ட இவ்வளவு கல்நெஞ்சு ஆகாதுங்க. ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க. தெருமுனை தாண்டியிருக்க மாட்டா, நான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வரேன்."

அவன் கம்ப்யூட்டரில் செருகியிருந்த ஹெட்போனைப் பிடுங்கினான். தொட்டியிலிருந்து கைக்கு வந்த மூன்றை வெளியே எடுத்து, முதலாவதை ஓட விட்டான்.

கதவு கிறீச்சிடும் சத்தம். பிறகு அப்பா, நூலாக இளைத்த குரலில்: "யாரு, சின்னவளா?"

"நான்தாம்ப்பா. அவ நாளைக்கு வர்றா." இது அண்ணன்.

இரண்டாவது. நீண்ட இருமல். "வாசல்ல வண்டிச் சத்தம் கேக்குது. சின்னவளான்னு போய்ப் பாரு."

மூன்றாவது. "வராதேன்னு நான் சொன்னா, நெசமாவே வராம இருந்துடுவாளாடா?"

அண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மூன்றையும் திரும்பத் தொட்டியில் தள்ளினான். காலி செய் என்று அழுத்தினான். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிச்சயம் என்றான்.

"அவளுக்குக் குடுக்கத்தான் பத்து நாளா ஒண்ணு தேடினேன்" என்றான். "அவளைத் தேடாம அப்பா பேசினது, ஒண்ணே ஒண்ணு. கிடைக்கல."