தடித்த பக்கம்

அவன் ஜீப்பைக் கிளப்பிக் காத்திருந்தான்.

பரமன் ஏறவில்லை.

அந்த அடிவாரத்தில் அது ஒரு வழக்கம். ஜீப்புக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மெக்கானிக், முதல் ஏற்றத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து வருவார். பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே. தன் வேலையின் மேல் தானே உட்கார்வது.

பரமன் ஒருநாளும் தவறியதில்லை.

“ஏறலையாண்ணே?”

“இடுப்பு புடிச்சிருச்சுப்பா. நீ போ.”

இடுப்பில் கை வைக்காமலே சொன்னார்.

மழைக்குப் பிறகு மலைப்பாதையில் பாறைகள் துருத்திக்கொண்டிருந்தன. வண்டியின் வயிறு தட்டாமல் இருக்கப் பின்பக்கத்தை உயர்த்தச் சொன்னது அவன்தான். அச்சுக்குக் கீழே கிடந்த ஸ்பிரிங் பட்டைகளைப் பரமன் அச்சுக்கு மேலே ஏற்றிக் கட்டினார். உயரம் கூடினால், எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு ஓட்டம் கொண்டுபோகும் சாஃப்டின் சாய்வு மாறும். அதைச் சரிசெய்யப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஓர் இரும்பு ஆப்பு. ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு.

வைப்பதற்கு முன் அதைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவன் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

சொல்லவில்லை.

காலையில் டீக்கடையில் பரமனோடு அவருடைய மச்சான் உட்கார்ந்திருந்தான். மச்சானும் புதிதாக ஒரு ஜீப் எடுத்திருக்கிறான். அதே ஏலக்காய்த் தோட்டம். அதே பாதை. ஏற்றிப் போவதும் அதே கூலிப் பெண்களைத்தான்.

அவன் உள்ளே நுழைந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

வீடுவரை காதைப் பின்னால் வைத்துக்கொண்டே ஓட்டினான். ஒரு சத்தமும் இல்லை.

அதுவும் சரியாகப் படவில்லை.

வெளிச்சம் போவதற்குள் ஜீப்புக்கு அடியில் நுழைந்தான்.

ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் இருந்தது.

முன்பும் இந்த ஜீப்பில் ஆப்பு உண்டு. தடித்த பக்கம் முன்னால்தான் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து பார்க்கிறான்.

சாய்வு தப்பினால் சாஃப்ட் உதறும். செங்குத்தில், ஆள் நிறைந்திருக்கும்போது, அதன் மூட்டு உடையும். உடைந்தால் வண்டி பின்னால் வரும்.

பின்னால் பள்ளம்.

பிழைத்தாலும் பிறகு அவன் ஜீப்பில் யார் ஏறுவார்கள்? மச்சான் ஜீப்பில் ஏறுவார்கள்.

ஜாக்கி கொடுத்தான். நட்டுகளைத் தளர்த்தினான். இரண்டு பக்கத்து ஆப்புகளையும் உருவித் திருப்பி வைத்தான். மூச்சைப் பிடித்து இறுக்கினான்.

ஸ்பானர் பட்டுப் பளபளத்த இடங்களில் மண்ணைக் குழைத்துப் பூசினான்.

தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தான். அடியில் லேசாக ஒரு முனகல். உயர்த்திய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

விடிந்தது. தூக்குவாளிகளோடு பெண்கள் ஏறினார்கள். கடைசியாக அவன் மனைவி பவுன்தாய்.

சாவியில் கை வைத்தபோது ஜீப் பின்பக்கம் அமுங்கியது.

பரமன்.

இடுப்பைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

“என்ன மாமா, ஏலக்கா பறிக்க வாரீகளா?”

“ஆமாத்தா. கூடை இருந்தா ஒண்ணு குடு.”

ஜீப் முழுக்கச் சிரிப்பு. பரமன் பல்லைக் கடித்துக்கொண்டு பவுன்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அச்சுக்கு நேர் மேலே.

“நேத்து நிக்கக்கூட முடியல, மொக்கராசு. ஆனா அடியில படுத்த வண்டியில ஏறாம விட்டா எனக்கு உறக்கம் வருமாடா?”

அவன் கண்ணாடியில் அவரைப் பார்த்தான்.

“ஒண்ணு சொல்ல வந்து மறந்துட்டேன். முன்னாடி பட்டை கீழ கெடந்துச்சு. இப்ப மேல ஏத்திட்டோம்ல, அதனால ஆப்பும் திரும்பித்தான் நிக்கணும். தடிச்ச பக்கம் பின்னால. எப்பவாச்சும் குனிஞ்சு பாத்துட்டுப் பயந்துறாத. சரி, எடு.”

அவன் எடுக்கவில்லை.

சாவியை உருவினான்.

“எல்லாரும் செத்த எறங்குங்க.”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். பவுன்தாய் அவன் முகத்தைப் பார்த்தாள். பரமன் கம்பியைப் பிடித்து மெல்லக் கால் ஊன்றினார். பின்சக்கரத்தின் அருகே போய்க் குனியப் பார்த்தார்.

அவன் குறுக்கே வந்து நின்றான்.

“இடுப்பு வலியோட குனியாதீங்கண்ணே. நானே பாத்துக்கிறேன்.”

பரமன் குனியவில்லை.

அவன் நகக்கண்களில் அப்பியிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.