முதலில் எதை மாற்றுவது?

நெசவு மில் சூப்பர்வைசர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டிலிருக்கும் பாட்டு செட்டை அடியோடு மேம்படுத்திவிட வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டார்.

கடைக்காரரைக் கேட்டார். "முதல்ல ஸ்பீக்கர்" என்றார் அவர். அவர் கடையில் அதுதான் விற்காமல் கிடந்தது. எலக்ட்ரீஷியன், "வயரை மாத்துங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்றார். மருமகனோ, "நீங்க எது சொன்னாலும் சரி மாமா" என்று நைசாக நழுவிவிட்டார்.

ஆளுக்கொன்று சொன்னால் மனுஷன் என்னதான் செய்வார்? குறை எங்கே என்று தானே கண்டுபிடிக்க உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் தறிகளின் இரைச்சலில் ஊறிய காதுகள். மெதுவாக வைத்தால் கேட்காது. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஒரே பாட்டு, முழுச் சத்தத்தில்.

"எனக்குத் தெரிஞ்ச நிபுணர் ஒருத்தர் இருக்கார். கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள் மனைவி.

அதுவரை செட்டை 'அந்தச் சனியன்' என்று மட்டுமே அழைத்து வந்தவள். இந்தத் திடீர்க் கரிசனம் வேறு யாருக்காவது உறுத்தியிருக்கும். மில்லுக்காரருக்கோ வாயெல்லாம் பல்.

நிபுணர் வந்தார். சிவந்த கண்கள், கசங்கிய சட்டை, கையில் ஒரு ஸ்குரூ டிரைவர்கூட இல்லை. ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"வாயிலேர்ந்துதான் சார் வைத்தியத்தை ஆரம்பிக்கணும். இது ரெண்டையும் எடுத்துட்டுப் போறேன்."

"எப்ப சார் திரும்பக் கிடைக்கும்?"

"அவசரப்பட்டா காரியம் கெட்டுடும் சார்."

ஒரு ஸ்பீக்கரை மனைவியே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனாள். குடம் தூக்கவே மூச்சு வாங்குகிறவள்!

மில்லுக்காரர் லேசுப்பட்டவரா? பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கர்களை இறக்கி மாட்டினார். பாட்டு மறுபடி கிளம்பியது, இப்போது கரகரப்பும் சேர்த்து. முதல் சரணம் முடிவதற்குள் நிபுணர் வாசலில் நின்றார்.

"மனசு கேக்கலை சார். ஆம்ப்ளிஃபயரையும் பார்த்துடுவோம்."

மில்லுக்காரர் அதைத் துடைக்கத் துண்டு தேடிப் போனார். அந்த இடைவெளியில் சமையலறையில் கிசுகிசுப்பு.

"அன்னைக்கே மொத்தமாத் தூக்கியிருக்கலாம்," என்றார் நிபுணர்.

"ஒரேயடியாப் போனா சந்தேகம் வரும். ஒண்ணொண்ணாப் போகட்டும்," என்றாள் மனைவி. "கொஞ்சம் இங்கிலீஷ்ல பேசுங்க. மடங்கிடுவார்."

நிபுணர் திரும்பி வந்து, "இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச் சார்," என்றார். மடங்கிவிட்டார் மில்லுக்காரர். பெற்ற பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்புகிறவர் போலக் கண் கலங்க ஆம்ப்ளிஃபயரை எடுத்துக் கொடுத்தார். அதன் பின்னாலேயே சிடி பிளேயரும் போனது, வயர்களும் போயின. யாரும் கேட்காமலேயே சமையலறை ரேடியோவையும் கொண்டுவந்து நீட்டினாள் மனைவி.

சாயங்கால நடையில் துணைக்கு வரும் ரிட்டயர்டு ஏட்டையா, இந்தக் கதையைக் கேட்டதும் நடையை நிறுத்திவிட்டார்.

"ரசீது வாங்கினியா?"

"இல்லையே."

"ஆளோட விலாசம்?"

"அவளுக்குத் தெரிஞ்சவர்தானேன்னு கேக்கலை."

"யோவ், வீட்டையே மொட்டை அடிச்சுட்டுப் போறாங்க, நீ தலையைக் குனிஞ்சு காட்டிட்டு உக்காந்திருக்கே! இன்னைக்கு செட்டு. நாளைக்கு நகை. அப்புறம் அவனோட உன் பொண்டாட்டியும் போவா."

மில்லுக்காரர் ஏட்டையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "செட்டு போனாப் போகட்டும் ஏட்டையா. அவளும் சேர்ந்து என்னை ஏமாத்துறான்னு மட்டும் இருந்துடக் கூடாது. அதைத் தாங்க மாட்டேன்."

அவரைப் பூங்கா பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டு, ஏட்டையா அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு விரைந்தார். மாடிப்படித் திருப்பத்தில் ஒளிந்துகொண்டார். தொந்தி மட்டும் ஒளிய மறுத்தது.

மில்லுக்காரர் மனைவி வெளியே வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். விறுவிறுவென்று ஒரு மாடி இறங்கி, தன் வீட்டுக்கு நேர் கீழே, புதிதாக ஆள் குடிவந்திருந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். சிவந்த கண்கள், கசங்கிய சட்டை. திறந்தது சாட்சாத் அந்த நிபுணர்! அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

'அடப்பாவிகளா, ஒரே கட்டடத்துக்குள்ளேயேவா!' ஏட்டையாவுக்கு ரத்தம் கொதித்தது. பூனை நடை நடந்து போய், சரியாகச் சாத்தாத கதவின் இடுக்கில் கண்ணை வைத்தார். திரை போட்ட இருட்டறை. ஒரு கட்டில். மூலையில், போர்வைக்கு அடியில், ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ரேடியோவும் குவிந்து கிடந்தன. கையும் களவுமாகச் சிக்கியாயிற்று. கதவை எட்டி உதைக்கக் காலைத் தூக்கியவர், அவளுடைய அழுகைக் குரலைக் கேட்டு அப்படியே நின்றார்.

"அண்ணே, நைட் டூட்டி பார்த்துட்டு வந்து பகல்ல பொட்டுத் தூக்கம் இல்லைன்னு அழுதீங்களேன்னு, எல்லாத்தையும் நானே தூக்கிக் குடுத்தேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், இப்பவே அத்தனையும் திருப்பிக் குடுத்துடுங்க. செட்டு இல்லைன்னதும், நேத்திலேர்ந்து அவரே பாட ஆரம்பிச்சுட்டார்!"