பூட்டாத கார்

மகள் இதழினியை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் குணசீலனின் கார் பூட்டிக்கொள்ள மறுத்தது. இருக்கைத் துணியில் அவள் வாசனையை மோப்பம் பிடித்து, "பின் இருக்கையில் குழந்தை இருக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் எச்சரித்தது. அந்தக் குரல் கேட்டதும் மனைவி தேன்மொழி வாசலுக்கு ஓடி வருவாள்.

அவள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், ஞாயிறன்று குணசீலன் ஷாம்பு போட்டு இருக்கையைத் தேய்த்துக் கழுவினான். பால் கறையும் பிஸ்கட் தூளும் நுரையோடு போயின. வெயிலில் நன்றாகக் காயவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"வண்டியில் யாரும் இல்லை" என்றது கார். உடனே பூட்டிக்கொண்டது.

தேன்மொழி ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள்.

"ஏங்க, இனிமே பாப்பா இருக்குன்னு சொல்லவே சொல்லாதா?"