சடையன் வயிற்றுச் சமையல்காரன்

என் மீசைமேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! புகையிலைப் புழு சடையனின் வயிற்றில், விஷத்தை முறிக்கும் நொதியைக் கிண்டுகிற மரபணு ஒன்று இருந்தது. எந்நேரமும் புலம்பல்தான்.

"அண்ணாச்சி, தினமும் இந்தக் காட்டத்தையே இறக்குறீரே! கிண்டிக் கிண்டிக் கை கழண்டுபோச்சு. ஒரு நாளாவது கீரை தின்னா என்னவாம்?"

தொல்லை தாங்காமல் சடையன் கீரைப்பாத்திக்கு இறங்கினான். முதல் கடியிலேயே தோட்டக்காரர் தெளித்த பூச்சிமருந்து மழையாகக் கொட்டியது. கீரைப் புழுக்கள் சுருண்டு விழுந்தன. சடையன் தன் வயிற்றைப் பார்த்துக் கேட்டான்:

"தம்பி, நானும் போயிடுவேனா?"

"இதுக்கா? உம்ம புகையிலைக்கு முன்னால இது மோர்த்தண்ணி! நேத்துக் கிண்டினதே மிச்சம் கிடக்கு, போதும்."

சடையன் ஏப்பம் விட்டுவிட்டுப் புகையிலைக்கே திரும்பினான். முதல் வாய் இறங்கியதுமே உள்ளிருந்து குரல்: "மறுபடியும் இதுதானா, அண்ணாச்சி?"

எல்லாப் புழுவும் ஒழிந்ததென்று தோட்டக்காரர் இன்னமும் அந்த மருந்தைத்தான் மெச்சிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னதாக அவரிடம் மூச்சுவிட்டுவிடாதீர்கள்!