அத்தையின் தலைவலி

கேஸ் கீசர் மெக்கானிக் தெருவில் நின்றபடி ஒரு கசங்கிய பிளாஸ்டிக் தாளை என் கணவரிடம் நீட்டினார். பாத்ரூம் சுவரில் காற்று போக விட்டிருந்த துவாரத்தை அதுதான் அடைத்திருந்ததாம். ஓரமெல்லாம் டேப், நாலு சுற்று.

இதை யார் ஒட்டினது என்று கேட்டார்.

மகள் எதிர்வீட்டு அக்கா மடியில் கிடந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். கண் திறந்திருந்தது, அழக்கூடத் தெம்பில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, யாரும் வீட்டுக்குள் போகாதீர்கள் என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

மெக்கானிக் வந்தது வருடாந்திர சர்வீஸுக்கு. காலையிலிருந்து துணி துவைக்க வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. கீசரில் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிவதைப் பார்த்ததும் நச்சுக்காற்றைக் காட்டும் சின்ன மீட்டரை நீட்டினார். அது கத்தியது. கேஸை மூடிவிட்டு, பக்கத்து அறையில் யாராவது இருக்கிறார்களா என்றார்.

மணி பத்தாகியும் எழுந்திருக்காத மகளை, சோம்பேறிக் கழுதை என்று அப்போதுதான் திட்டி முடித்திருந்தேன். பாவி நான்.

இந்த நச்சுக்காற்றுக்கு வாசனை கிடையாது, புகையும் கிடையாது, தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான் என்றார் மெக்கானிக். இதற்கு முன்னால் வீட்டில் யாருக்காவது தலைவலி இருந்ததா?

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு.

போன மாதம் முழுக்க அந்த அறையில் என் மாமியார்தான் இருந்தார். விடிந்தால் போதும், நெற்றியைப் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டில் ஒரே தலைவலி என்பார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கா தெரியாது? நான் மட்டும் விட்டேனா? தலைவலி போய்த் திருகுவலி வராமல் இருந்தால் சரி என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொல்வேன்.

தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தால் வலி விட்டுவிடுகிறது என்றார். விடாதா பின்னே, என் மூஞ்சியைப் பார்க்க வேண்டாமே!

போன வாரம் நாத்தனார் வீட்டுக்குப் போனார். போன மறுநாளே போன் செய்து, இங்கே வந்ததும் தலைவலி போன இடம் தெரியவில்லை என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை.

அவர் காலி செய்த அறையை மகளுக்குக் கொடுத்தேன். தனி அறை வேண்டும் என்று எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவள்.

கணவர் தாளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அத்தைதான்" என்றேன்.

வாய் முந்திக்கொண்டது. ஒட்டியது நான்.

குளிரில் அத்தை ஜன்னலைத் திறந்து போடுவார், பிள்ளை தும்முவாள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜன்னலைச் சாத்தியும் ஆத்திரம் அடங்காமல், அவர் நடக்கப் போன நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் துவாரத்தையும் அடைத்தேன். அவருக்குத் தலைவலி ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. அதை ஏம்மா அடைச்சே என்று ஒரே ஒருமுறை கேட்டார். என் வீடு, என் சுவர் என்றேன்.

இவர் அதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். அம்மாவிடம் குரல் உயர்த்தாத மனிதர், நடுத்தெருவில் கத்தினார். பிள்ளை செத்திருப்பாள், உனக்கு அறிவிருக்கா, எதுக்கு அந்த ஓட்டையை ஒட்டினே என்று ஒரே மூச்சில் கொட்டினார். ஸ்பீக்கரில் இருந்தது போன். பிடுங்கி உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. பிடுங்கவில்லை.

ஸ்பீக்கரில் அத்தையின் குரல் வந்தது.

"ஆமாப்பா, நான்தான் ஒட்டினேன். குளிருச்சு. பிள்ளை இப்ப எப்படி இருக்கா, அதைச் சொல்லு."

ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்பியது. இவர் இன்னும் திட்டிக்கொண்டே இருந்தார், அவர் வாங்கிக்கொண்டே இருந்தார்.

நான் மகளின் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.